வடையின் ஓட்டைக்குள் மூன்று பேர்

மகன்,

நீ தொலைபேசி எடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கடந்துவிட்டன. முதல் ஞாயிறு உனக்கு வேலையாக்கும் என்று எண்ணினேன். இரண்டாம் ஞாயிறு உன் அப்பா கைத்தொலைபேசியைப் புரட்டிப் பார்த்து, சார்ஜ் இருக்கிறது என்று மட்டும் அறிவித்துவிட்டு மேசையில் வைத்தார். மூன்றாம் ஞாயிறு நாங்கள் இருவரும் அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு புட்டும் மீன் சொதியும் சாப்பிட்டோம். அது அடிக்காததற்குக் காரணம் நான்தான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். நான் அனுப்பும் குரல்பதிவுகளையும் நீ கேட்பதில்லை. ஆகவே கடிதம் எழுதுகிறேன். முப்பத்தொரு வருடம் கிராம அலுவலராக இருந்து அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதிப் பழகியவள் நான். பேனாவை எடுத்தால் 'விடயம்' என்று எழுதி அடிக்கோடு போடாமல் மேலே நகர வராது. சரி, போட்டுவிடுகிறேன். விடயம்: உன் அம்மாவின் வாய்.

எங்கே தவறு தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். நீயும் மருமகள் வினோவும் போன வருடம் வெளிநாட்டில் அந்தச் சின்ன ஊரில் வீடு எடுத்தோம் என்று சொன்ன நாளில்தான். எந்தப் பிரிவு, எந்தச் சபை என்று கேட்டேன். ஆங்கிலத்தில் இதைப் பறோ என்பார்கள் என்றாய். பறோ என்றால் நகரசபையா, பிரதேச சபையா என்று கேட்டேன். இரண்டும் இல்லை என்றாய். அதற்கு மேல் உனக்கே தெரியவில்லை. வீட்டுக் குப்பையை எந்த நிர்வாகம் அள்ளுகிறது என்று தெரியாமல் ஒருவன் வீடு வாங்குவானா? நீ வாங்கியிருந்தாய். ஓய்வு பெற்று மூன்று வருடமாகக் கை அரித்துக்கொண்டிருந்த எனக்கு அன்று ஒரு வேலை கிடைத்தது. அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டு மண்டபத்தில் இருந்துகொண்டே உன் ஊரைப் படிக்கத் தொடங்கினேன். கொப்பி ஒன்று வாங்கி மட்டைக்குக் கடதாசி உறையும் போட்டேன்.

நீ வரைபடத்தைப் பார்த்திருக்க மாட்டாய், ஆகவே உன் ஊரின் புவியியலை நானே சொல்கிறேன். ஓர் உளுந்து வடையை எடுத்துக்கொள். வடை முழுக்க வேறு ஒரு பெரிய ஊராட்சி. நடுவில் இருக்கிற ஓட்டைதான் உன் ஊர். வடக்கே போனாலும் தெற்கே போனாலும் அதே பக்கத்து ஊருக்குள்தான் விழுவாய். ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குக் கால்மணி நேர நடை. நடுவில் ஓர் ஓடை போகிறது. மாரியில் அது பெருகி மூன்று தெருக்களுக்குள் வரும், அதில் உன் தெரு இரண்டாவது. இதை வீடு விற்றவர் உனக்குச் சொல்லியிருக்க மாட்டார். உன் அப்பாவிடம் வரைபடத்தைக் காட்டினேன். வாழ்நாள் முழுக்கத் துறைமுகத்தில் இழுவைப் படகில் நின்ற மனிதர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஓடையின் ஆழம் எவ்வளவு என்று கேட்டார். முழங்கால் அளவு என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டார். எவ்வளவு பெரிய கப்பலும் கரைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கிற ஆழத்தில் பிழைத்தவருக்கு முழங்காலளவு தண்ணீர் ஓர் ஊராகத் தெரியவில்லை.

வரலாறு இன்னும் நல்லது. முன்னொரு காலத்தில் ஓட்டையும் வடையும் ஒன்றாகத்தான் இருந்தன. ஓடைக்கரையில் சட்டைப் பொத்தான் செய்கிற தொழிற்சாலை ஒன்று வந்தது, அதைச் சுற்றிச் சனம் வந்தது, பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்றார்கள். பள்ளிக்கூடத்தை எங்கே கட்டுவது என்பதில் சண்டை. பண்ணைக்காரர்கள் தங்கள் பக்கம் என்றார்கள், தொழிற்சாலைக்காரர்கள் தங்கள் பக்கம் என்றார்கள். கடைசியில் ஓடைக்கரைச் சனம் கோபித்துக்கொண்டு, நாங்கள் தனி ஊர் என்று எல்லை போட்டுப் பிரிந்துவிட்டது. இதைப் படித்தபோதுதான் எனக்கு உன் ஊரில் முதன்முதலாக ஒட்டுதல் வந்தது. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம், கிணறு எந்தப் பக்கம் என்று மல்லுக்கட்டுகிற சனத்தை முப்பத்தொரு வருடம் மேய்த்தவள் நான். இவர்களையும் எனக்கு ஏற்கெனவே தெரியும் போலிருந்தது. தொழிற்சாலை இப்போது இல்லை. பிரிந்துபோய்க் கட்டிய பள்ளிக்கூடத்திலும் பிள்ளைகள் போதாமல், அதே பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கே இப்போது பிள்ளைகளை அனுப்புகிறார்கள். கோபம் மட்டும் எல்லைக்கோடாக மிஞ்சியிருக்கிறது.

அங்கேயும் மான் இருக்கிறது என்று நீ சொன்னபோது உன் அப்பாகூட நிமிர்ந்து பார்த்தார். இங்கே பேருந்து நிலையத்தடியில் நின்று வாழைப்பழத்தோல் தின்கிற நம் மான்களைப் போல, அங்கேயும் வினோ நட்ட செடியை மான் தின்றுவிட்டதாம். அந்த ஊர்ச் சபைக் கூட்டத்தில் மான் பற்றி இரண்டு மணி நேரம் பேசி ஒரு முடிவும் எடுக்காமல் கலைந்ததாகக் கூட்ட அறிக்கையில் வாசித்தேன். ஓம், கூட்ட அறிக்கைகளையும் வாசித்தேன். தலைவர் கார் ரயர் கடை வைத்திருக்கிறார். உறுப்பினர்களில் ஒருவர் எல்லாவற்றையும் எதிர்ப்பார். எல்லோரையும் உண்மையில் நடத்துவது செயலாளர் அம்மா ஒருவர். என் வயதுதான் இருக்கும். அறிக்கையில் ஒரு பிழை இருக்காது. அந்த மனிசியை எனக்குப் பிடித்துப்போனது.

பிறகு சனத்தொகைக்கு வந்தேன். அங்கேதான் என் அழிவு. எங்கள் பிரிவில் இருந்த சனத்தில் பாதிகூட உன் ஊரில் இல்லை. ஆனால் சபையின் இணையத்தளத்தில் போட்டிருந்த எண் நீங்கள் போவதற்கு முந்தியது. நீங்கள் இரண்டு பேரும் அதில் இல்லை. ஒரு பழைய எண் கண்ணுக்கு முன்னால் கிடந்தால், உனக்குத் தெரியும், எனக்குச் சோறு இறங்காது. எங்கள் பிரிவில் ஒரு பிள்ளை பிறந்து தொப்புள்கொடி விழ முதல் அதன் பெயர் என் பதிவில் ஏறிவிடும். ஆகவே ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், பால்தேத்தண்ணீர் குடித்த தெம்பில், செயலாளர் அம்மாவுக்கு ஆங்கிலத்தில் ஒரு மின்னஞ்சல் எழுதினேன். தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில் என்று தொடங்கி, தங்கள் சனத்தொகையில் எனது மகன், மருமகள் ஆகியோரும், தை மாதமளவில் எதிர்பார்க்கப்படும் ஒரு குழந்தையுமாக மூவர் விடுபட்டுள்ளனர் என்று முடித்தேன்.

மகன், எனக்கு அது ஓர் எண் மட்டும். முப்பத்தொரு வருடம் கர்ப்பிணித் தாய்மாரையும் பட்டியல் போட்ட பழக்கம். போசாக்குப் பொதி கொடுக்க எத்தனை பேர் என்று கேட்பார்கள். நான் விரல் விட்டு எண்ணாமலே சொல்லுவேன். ஆனால் அந்தச் சபையில், வருகிற கடிதங்களைக் கூட்டத்தில் உரத்து வாசிப்பது வழக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியும். கூட்ட அறிக்கையில் வாசித்திருக்கிறேன். யோசிக்கவில்லை. ரயர் கடைத் தலைவர் என் கடிதத்தை முழுக்க வாசித்தாராம், கைதட்டினார்களாம், எல்லாவற்றையும் எதிர்க்கிறவர்கூட எதிர்க்கவில்லையாம். அடுத்த சனிக்கிழமை தீயணைப்பு நிலையத்தில் ஊருக்கெல்லாம் காலைச்சாப்பாடு கொடுத்த இடத்தில், முன்பின் தெரியாத மூன்று பெண்கள் வினோவின் வயிற்றைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார்கள். அவள் இன்னும் தன் வேலையிடத்திலேயே சொல்லவில்லை. தன் தாய்க்கே முந்தின கிழமைதான் சொன்னாள். போன வருடம் ஒன்று தங்காமல் போனபிறகு அவள் எவ்வளவு பயந்துகொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியாதா? மூன்று மாதம் கழியும்வரை வெளியே மூச்சு விடவேண்டாம் பிள்ளை என்று அவளுக்குத் தொலைபேசியில் உத்தரவு போட்டதே நான்தான். போட்டு ஒரு கிழமைகூட ஆகவில்லை.

நீ கடைசியாக எடுத்தபோது கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தி, இரண்டு பேரும் சமமாகியிருப்போம். நீ மெதுவாகத்தான் சொன்னாய்: "அம்மா, பிறந்ததில இருந்து நான் உங்கட லிஸ்ட்டில இருந்தனான். இஞ்ச எண்டாலும் ஒருத்தற்ர லிஸ்ட்டிலயும் இல்லாமல் இருக்க விடுங்கோ." பிறகு வைத்துவிட்டாய். அதை நான் மூன்று கிழமையாகத் திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

நீ சொன்னது சரி. நம் வீட்டு மண்டபம்தான் அலுவலகம். நீ கணக்குப் பாடத்தில் சறுக்கினால், குடும்ப அட்டைக்கு ஒப்பம் வாங்கக் கதிரையில் காத்திருக்கிற சனம் முழுக்க உனக்குக் கணக்குச் சொல்லித்தரும். உனக்குக் கூவைக்கட்டு வந்து கன்னம் வீங்கியபோது நான்கு தெருக்களிலிருந்து வேப்பிலை வந்தது. பதினேழு வயதில் நீ ஒரு பெண்பிள்ளைக்கு எழுதிய கடிதத்தை அதன் தகப்பன் என் மேசையில் கொண்டுவந்து வைத்தாரே, நினைவிருக்கிறதா? நான் அதைக் கையில் எடுத்து, பழக்க தோஷத்தில், மேலே 'கிடைக்கப்பெற்றது' என்று திகதி முத்திரை குத்திவிட்டேன். அந்த மனிதர் கோபத்தை மறந்து சிரித்துவிட்டார், விடயம் அத்தோடு முடிந்தது என்று நான் பல வருடம் பெருமையடித்தேன். உனக்கு அது முடியவில்லை என்று இப்போது விளங்குகிறது. அந்த ஊரில் நீ தேடியது ஒருவருக்கும் உன்னைத் தெரியாத ஒரு தெரு. அங்கேயும் உன் அம்மா முத்திரையோடு வந்து நின்றாள்.

எண்ணுவது தப்பு என்று மட்டும் நான் இன்றைக்கும் நினைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணப்படாமல் போவது என்னவென்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஒருவரை நானே இல்லாமல் ஆக்கியிருக்கிறேன். இதை உனக்கு நான் சொன்னதில்லை. யோகராசா என்று ஒருவர், குளத்தடியில் வீடு. மீன்பிடிக் காலத்தில் இறக்கக்கண்டிக் கடற்கரையில் மீன் வாடிக் கொட்டிலில் போய்த் தங்கிவிடுவார். வாக்காளர் பட்டியலுக்கு வீடு வீடாகப் போகிற மாதத்தில் நான் மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் ஆளில்லை. எங்கே என்றால் வாடியில் என்றாள் மனைவி. எனக்கு அப்போது சட்டம் தலைக்கேறிய வயது. இங்கே வதியவில்லை என்று எழுதிச் சிவப்புக் கோடு போட்டேன். சில மாதம் கழித்து மனிதர் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். மகளை முதலாம் வகுப்பில் சேர்க்க வேண்டும், பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பட்டியலில் பெயர் கேட்கிறார்கள், பெயர் இல்லை. நான் தலையை நிமிர்த்தாமலே, நீங்கள் இந்தப் பிரிவில்தான் இருக்கிறீர்கள் என்று கிராம அலுவலரிடம் ஒரு கடிதம் வாங்கி வாருங்கள் என்றேன்.

அவர் மேசையிலிருந்த என் முத்திரையைப் பார்த்தார். பிறகு, "அது நீங்கள்தானே அக்கா" என்றார்.

மண்டபத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே கடிதமும் எழுதிக் கொடுத்தேன். ஆனால் அந்த வருடத்துப் பட்டியல் பட்டியல்தான், கடிதம் எடுபடவில்லை. அந்தப் பிள்ளை பக்கத்துப் பள்ளிக்கூடத்து வாசலைத் தாண்டி, தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தது. காலையில் அது நம் வீட்டைக் கடந்து போகும். புத்தகப்பை அதைவிடப் பெரிது. நான் அந்த நேரம் பார்த்துக் குசினிக்குள் போய்விடுவேன். இருக்கிற ஆளை இல்லை என்று எழுதிய பாவத்துக்குப் பிறகுதான் நான் யார் பெயரையும் விடமாட்டேன் என்று வெறிபிடித்து அலைந்தேன். சம்பூரிலிருந்து சனம் போரில் இடம்பெயர்ந்து வந்தபோது ஒரு குழந்தையைக்கூட விடாமல் இரவும் பகலும் எழுதினேன். அந்த வெறிதான் கடைசியில் கடல் தாண்டி வினோவின் வயிறு வரைக்கும் வந்துவிட்டது.

இன்னுமொன்று இருக்கிறது, இது யோகராசா விடயத்தைவிட வெட்கக்கேடு. நீ போய் எட்டு வருடம். எட்டு வருடமும் நம் வீட்டு வாக்காளர் விண்ணப்பத்தில் மூன்றாவது பெயர் உன்னுடையது. இங்கே இல்லாத ஒருவனை இருக்கிறான் என்று எழுதினேன். முதல் நான்கு வருடம் நானே அலுவலர். நானே எழுதி, நானே விசாரித்து, நானே உண்மை என்று ஒப்பமிட்டேன். ஓய்வு பெற்றபிறகு வந்த உத்தியோகத்தர்கள் எனக்குப் பயத்தில் கேட்கவில்லை. உன் அப்பா ஒவ்வொரு வருடமும் அந்தக் கடதாசியைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவார். உன் அறை அலுமாரியில் உன் சட்டைகள் இருக்கின்றன, ஆகவே நீ இருக்கிறாய் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டிருந்தேன்.

போன புதன்கிழமை விண்ணப்பத்தோடு புதிய கிராம அலுவலர் வந்தாள். யார் என்கிறாய்? தர்சினி. யோகராசாவின் மகள். தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே படித்து, பரீட்சை எழுதி, நான் இருந்த கதிரைக்கு வந்திருக்கிறாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து இருந்தாள். நான் கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தாள். படிவத்தைப் பார்த்துவிட்டு, பேனாவை உன் பெயருக்கு மேலே பிடித்துக்கொண்டு, மகன் இங்கேதான் இருக்கிறாரா என்று கேட்டாள். முப்பத்தொரு வருடம் நான் பிறரிடம் கேட்ட கேள்வி அது. பதில் சொல்லுகிற பக்கத்தில் இருந்து பார்த்தால் எவ்வளவு கொடுமையான கேள்வி என்று அன்றுதான் தெரிந்தது. அவனுடைய சட்டை இருக்கிறது, கட்டில் இருக்கிறது என்று ஏதோ முணுமுணுத்தேன்.

அவள் சிரிக்காமல் என்னைப் பார்த்தாள். "அப்ப அன்ரி, மகன் இருக்கிறார் எண்டு கிராம அலுவலரிட்ட ஒரு கடிதம் வாங்கித் தாங்கோவன்."

அந்தக் கதையை அவள் வீட்டில் இருபது வருடமாகச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சிரிக்கத் தொடங்கினேன், அவளும் சிரித்தாள், உள்ளேயிருந்து உன் அப்பா எட்டிப் பார்த்தார். சிரித்து முடிந்தபோது என் கண்ணில் தண்ணீர். நீ தூரத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்ததற்கு நான்தான் காரணம் பிள்ளை, என்னை மன்னித்துவிடு என்று அவளிடம் சொன்னேன். அந்தப் பள்ளிக்கூடத்தில்தான் தனக்கு நல்ல கணக்கு ரீச்சர் கிடைத்தார் என்றாள். அது உண்மையா, என் மனதுக்காகச் சொன்னாளா தெரியாது. பிறகு நானே சொன்னேன், அவன் இங்கே இல்லை, கோடு போடு என்று. அவள் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள். நான் எத்தனையோ பெயர்களுக்கு மேல் கோடு போட்டவள். இந்தக் கோடு எனக்கு வலித்தது. உன் அப்பா வந்து படிவத்தை வாங்கிப் பார்த்து, இரண்டு பேர் என்று தலையாட்டிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு துறைமுகப் பக்கம் நடந்துவிட்டார்.

ஆகவே மகன், உனக்கு அறிவுரை என்று சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. ஓடை பெருகுகிற மாதத்தில் நிலக்கீழ் அறையில் பெறுமதியான சாமான் வைக்காதே. சபைக் கூட்டத்துக்கு ஒரு தடவையாவது போய் இரு. பேசவேண்டாம், மான் கதையைக் கேட்டுவிட்டு வா. ஒருவருக்கும் தெரியாமல் இருக்க ஆசைப்படுவதில் பிழை இல்லை, ஆனால் ஓடை வீட்டுக்குள் வருகிற அன்று கதவைத் தட்டுவதற்கு, அந்த வீட்டில் ஆள் இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்திருக்க வேண்டும். இதைவிட முக்கியம் வினோ. அவளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன் என்று நீ சொல்லாதே. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடு. அவளுடைய செய்தியை அவளுக்கு முந்தி நான் சொன்னேன். அதை என்னால் திருப்பி எடுக்க ஏலாது. கடிதத்தைத் திறந்தபடியே அனுப்புகிறேன், அவள் சம்மதித்தால் யாரும் வாசிக்கலாம், ரயர் கடைத் தலைவர் உட்பட.

செயலாளர் அம்மா எனக்குப் பதில் எழுதியிருக்கிறார். அங்கே சனத்தொகையைப் பத்து வருடத்துக்கு ஒரு தடவைதான் மாற்றலாமாம். ஆனால் அலுவலக வாசலில் தொங்குகிற பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே, ஒரு துண்டுக் கடதாசியில் பென்சிலால் 'மூன்று சேர்க்கவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறாராம். உனக்கும் வினோவுக்கும் அதில் வருத்தம் என்று கேள்விப்பட்டு, கழற்றிவிடவா என்று என்னிடம் கேட்டிருக்கிறார். நான் பதில் எழுதவில்லை. இந்த முறை அது என் பிரிவு இல்லை. உன் வாசலிலிருந்து அந்த அலுவலகம் இரண்டு தெரு, ஒரு பாலம். வேண்டாம் என்றால் நீயும் வினோவும் போய்க் கழற்றுங்கள். இருக்கட்டும் என்றால் இருக்கட்டும். பென்சில் எழுத்துத்தானே.

ஞாயிற்றுக்கிழமை எடு. எத்தனை பேர் என்று கேட்கமாட்டேன்.

அம்மா